செல்லனின் பாதி

மலேசியாவில் கோல சிலாங்கூர் போகும் சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே திரும்பினால் கம்பிப்பாலத் தோட்டம். 1985-ஆம் ஆண்டின் நடுவில் அங்கே வந்து, சன்னாசி வீடு எது என்று யாராவது கேட்டிருந்தால், தொழிலாளர் லயத்துக்காரர்கள் வீட்டு நம்பர் சொல்லியிருக்க மாட்டார்கள். "முன்பாதி புதுசா, பின்பாதி துருவேறி ஒரு சைக்கிள் நிக்கும் பாருங்க, அந்த வீடுதான்" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

சன்னாசி சிரிக்க மாட்டார். அவருக்கு அது சிரிக்கிற காரியமாக இருந்ததில்லை.

அந்தச் சைக்கிளை அவரும் செல்லனும் சேர்ந்து வாங்கியது 1955-இல். தோட்ட ஆபீஸ் எழுத்தரான சின்னக் கிராணி வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன இங்கிலீஷ் வண்டி. கரும்பச்சை நிறம், ஓரங்களில் தங்கக் கோடு. தனியாக வாங்க இருவருக்குமே வக்கில்லை. இருவரும் ஒரே மண்டோருக்குக் கீழே ரப்பர்ப் பால் வெட்டினார்கள். வெட்டுகிற நிரைகளும் பக்கத்துப் பக்கம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்ததும், ஒருவர் மிதிக்க மற்றவர் பின் கேரியரில் வாளிகளோடு உட்கார, ரப்பர் காட்டுக்குள் போவார்கள். திரும்பும்போது ஆள் மாறிக்கொள்வார்கள்.

வாங்கிய மாதமே தகராறு வந்துவிட்டது. டயர் வெடித்தால் யார் பொறுப்பு? பிரேக் தேய்ந்தால் யார் மாற்றுவது? செல்லன் ஒரு யோசனை செய்தான். பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிற அரத்தை எடுத்து, வண்டியின் மேல்குழாயில் சரியாக நடுவில் ஒரு கீறல் போட்டான்.

"இந்தக் கீறலுக்கு முன்னால உள்ளது உனக்கு. பின்னால உள்ளது எனக்கு. அவனவன் பாதியை அவனவன் பார்த்துக்கணும். அடுத்தவன் பாதியில கை வைக்கக் கூடாது. சரியாடா?"

"சரிடா" என்றார் சன்னாசி.

கொஞ்ச நாள் போன பிறகுதான் செல்லனுக்கு உறைத்தது. செயின், பெடல், சீட்டு, கேரியர் எல்லாம் பின்பாதி. பால் வாளிகளின் பாரம் இறங்குவதும் பின்சக்கரத்தின் மேல். முன்பாதிக்காரனுக்கு மணியைத் துடைத்து வைப்பதைத் தவிர வேலையில்லை.

"டேய், நீ மணியைத் துடைச்சே காலத்தை ஓட்டிடுவே. நான் டியூப் ஒட்டியே செத்துருவேன்லா!"

"கோடு போட்டது யாரு? நானா?"

"அப்ப புத்தி இல்ல."

"இப்ப மட்டும் இருக்காக்கும்?"

அப்போது சன்னாசிக்குக் கல்யாணமான புதிது. மனைவி அம்சவள்ளி அடுப்படியிலிருந்து வெளியே வராமலே தீர்ப்புச் சொன்னாள்: "வருசத்துக்கு ஒருக்கா மாத்திக்கிட வேண்டியதுதானே. இதுக்குப் போயி ரெண்டு ஆம்பளைங்க சண்டை."

அந்தத் தீபாவளியிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, பலகாரத்தில் கைவைப்பதற்கு முன்னால் இருவரும் வண்டியை வெளியே கொண்டு வருவார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் பிடித்துத் தூக்கி, முகம் இருந்த திசைக்கு முதுகு வரும்படி அரைவட்டம் சுற்றி இறக்கி வைப்பார்கள். "மாத்தியாச்சு" என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அம்சவள்ளி இரண்டு பாதிக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைப்பாள். ஒன்றில் மட்டும் வைத்துவிட்டுப் போனால் செல்லன் விடமாட்டான். "தங்கச்சி, எம் பாதி மூளியா நிக்குது பாரு" என்பான்.

கடைசியாக அவர்கள் சேர்ந்து வண்டியைத் தூக்கியது 1969 தீபாவளிக்கு.

செல்லனிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால் குடியுரிமைக்கு எழுதிப்போடாமலே இருந்துவிட்டான். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது எத்தனையோ பேர் இந்தியாவுக்கு மூட்டை கட்டினார்கள், செல்லனும் கட்டினான். 1970-இல் ஒரு காலை, அவனும் அவன் மனைவி சின்னம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கிள்ளான் துறைமுகம் போகிற லோரியில் ஏறினார்கள். லோரி கிளம்புகிறவரை செல்லன் சன்னாசியின் முகத்தைப் பார்க்கவில்லை. லோரி நகர்ந்து, இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று ஆன பிறகுதான் எழுந்து நின்று கத்தினான்:

"தீபாவளிக்குப் பின்பாதி எனக்குடா! வந்து வாங்கிக்கிறேன்! எவனுக்கும் குடுத்துறாதே!"

சன்னாசி கையை ஆட்டினார்.

அந்தத் தீபாவளிக்குச் செல்லன் வரவில்லை. குளித்துவிட்டு வந்த சன்னாசி வெகுநேரம் வண்டியின் பக்கத்தில் நின்றார். பிறகு தானே முன்சக்கரத்தைத் தூக்கி அரைவட்டம் நடந்து இறக்கினார். "மாத்தியாச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்பாதி அவன் கேட்டபடி அவனுக்குப் போய்விட்டது. முன்பாதி தனக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டும் வரவில்லை; மறுபடி மாற்றினார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. ஆள் இல்லை என்பதற்காக வழக்கத்தை நிறுத்தினால், ஆள் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. அம்சவள்ளி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டதில்லை. குங்குமம் மட்டும் இரண்டு பாதிக்கும் வைத்துவிட்டுப் போவாள்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் யாரோ எழுதிக்கொடுத்த கடிதங்கள் வந்தன. பிறகு அதுவும் நின்றது. தோட்டத்தில் ரப்பரைத் தள்ளி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். வாளிக்கும் கத்திக்கும் வேலை போயிற்று. பின்சக்கரம் கோணிப்போக, வண்டி வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போனது. சன்னாசி நாற்றுமேடைக் காவலுக்கு நடந்தே போய்வந்தார்.

1985 மாசியில், அடுத்த வீட்டுக் காளியம்மா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவள் தங்கை வாழ்க்கைப்பட்ட இடம் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம். வந்தவள் பெட்டியை இறக்கிய கையோடு சன்னாசி வீட்டு வாசலில் நின்றாள்.

"சன்னாசியண்ணே, உங்க கூட்டாளியப் பார்த்தேன். செங்கச் சூளையில வேலை. தலை பூராவும் வழுக்கை. நாந்தான்னு சொன்னதும் ஓடி வந்து என்ன கேட்டாருங்கிறீங்க?"

"என்ன கேட்டான்?"

"வண்டி இருக்கான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அதான். வண்டி இருக்கா. சன்னாசி எப்படி இருக்கான், அம்சா எப்படி இருக்கு, ஒரு வார்த்தை உண்டா? ஒரு சைக்கிளுக்கு ரெண்டு புருசன் கணக்கா இருந்தீங்களே, புத்தி எங்க போவும்?"

"நீ என்ன சொன்னே?"

"இருக்குன்னேன். இருக்கில்ல?"

சன்னாசி தாழ்வாரத்துக்குப் போனார். வண்டியின் மேல் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டார். துருவும் சிலந்திக்கூடுமாக இருந்தது. இதைத்தான் 'இருக்கு' என்று சொல்லியிருக்கிறாள். அவன் அங்கே சூளையில் செங்கல் சுமந்துகொண்டு இதை நம்பிக்கொண்டிருப்பான்.

காளியம்மா தங்கை மகள் கல்யாணத்துக்கு ஐப்பசியில் மறுபடி போவதாக இருந்தாள். சன்னாசி முடிவு செய்துவிட்டார். வண்டியைச் சீர்செய்து, ஒரு படம் எடுத்து, அவள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தால் அவன் வருவான். வருகிறவனுக்கு வருவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

கணக்குப் பார்த்தார். போன தீபாவளி மாற்றத்தின்படி முன்பாதி தன்னுடையது, பின்பாதி செல்லனுடையது. அடுத்தவன் பாதியில் கை வைக்கக் கூடாது என்பது பேச்சு. ஆகவே முன்பாதியை மட்டும் புதுசாக்குவது. பின்பாதி இருக்கிறபடி இருக்கட்டும். என் பாதியை நான் முடித்துவிட்டேன், உன் பாதி உனக்காகக் கிடக்கிறது, வந்து பாரடா என்று படமே சொல்லிவிடும்.

அம்சவள்ளியிடம், "முதல்ல முன்பாதியைச் செய்யப்போறேன்" என்று மட்டும் சொன்னார்.

"செய்யுங்க. அண்ணனுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றாள் அவள்.

சீர்செய்யும் வேலை விடுமுறை நாள்களில் நடந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைப் பிரித்து, முன்கவையை உருவி எடுத்து, பெரிங் உருண்டைகளைப் பழைய பால்டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். ஹேண்டில் துருவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போதவில்லை. ரப்பர்ப் பால் உறைவதற்குக் கலக்குகிற ஆசிட் ஒரு போத்தல் ஸ்டோரில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தார். தண்ணீரில் நீர்க்கக் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்தபோது அந்த நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பால் கொட்டகையில் வரிசையாக நின்ற காலைகள், வாளியை இறக்கிவைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு செல்லன் சொல்லுகிற கேலிகள், எல்லாம் அந்த நெடிக்குள் இருந்தன. துடைத்து முடித்த பிறகும் துணியைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார்.

நிறம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. முன்பாதியின் பழைய பச்சை வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. கிராணியின் வண்டியில் இருந்த அந்தப் பச்சை எது என்று நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை. ஆனால் பின் மட்கார்டின் மேல், வாளியிலிருந்து தளும்பிய பால் ஆண்டுக்கணக்கில் வழிந்து, காய்ந்து, கறுத்து, தோல் மாதிரிப் படிந்திருந்தது. அதற்கு அடியில் வெயில் பட்டிருக்காது. அதை உரித்தால் பழைய நிறம் தெரியும். அதுவோ செல்லன் பாதி.

இரண்டு வாரம் யோசித்தார். பிறகு ஒரு காலை, சுற்றிலும் ஆளில்லாததைப் பார்த்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். "செல்லா, ஒரு விரற்கடைதாண்டா. பார்த்துட்டு விட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த ரப்பரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். ஒரு துண்டு பிசிறில்லாமல் உரிந்து வந்தது. அடியில், நேற்று அடித்தது மாதிரிக் கரும்பச்சை மின்னியது. சன்னாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

உரித்த ரப்பர்த் துண்டின் உட்புறத்தில் பொடிப்பொடியாக நிறம் ஒட்டியிருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தை டவுனுக்குப் பஸ் ஏறினார். சாயக்கடைச் சீன முதலாளியான தவுக்கே டின் டின்னாகத் திறந்து குச்சியால் தொட்டுக் காட்டினார். மூன்று கடை ஏறி இறங்கியும் அந்தப் பச்சை தனியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் முதல் தவுக்கேயே பச்சையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

"வண்டி பூராவுக்கும் இது பத்தாதே" என்று மலாய் மொழியில் சொன்னார் தவுக்கே.

"பாதிக்குப் பத்தும்" என்றார் சன்னாசி.

"மிச்சப் பாதி?"

"அது வேற ஆளோடது."

தவுக்கே அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதில் சாயத்தைத் தின்னர் விட்டு நீர்க்க ஊற்றிக்கொண்டார். கீறலுக்குப் பின்னால் உள்ள பகுதியைச் சாக்கால் சுற்றிக் கட்டி, வண்டியைக் கொய்யாமரக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்டார். காற்றடிக்காத விடிகாலையில் மட்டும் அடித்தார். ஒரு பூச்சு, ஒரு வாரம் காயவிடல், மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. செம்பனை மில் புகையின் கரி பட்டுவிட்டால் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

ரவாங்கில் பேக்டரி வேலை பார்க்கும் மகன் ராஜு, ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னப்பா இது, கழுத்து வரைக்கும் குளிச்சிட்டு நிப்பாட்டின மாதிரி இருக்குலா. மிச்ச சாயம் நான் வாங்கித் தர்றேன். புல்லா அடிச்சிடுங்க."

"தேவையில்ல."

"ஏன்?"

"உங்கப்பன் சொன்னா சொன்னதுதான்" என்று நடுவில் புகுந்தாள் அம்சவள்ளி. "செல்லண்ணன் விசயம்டா. உனக்குத் தெரியாது, பேசாம இரு."

தங்கக் கோட்டைச் சன்னாசியால் நேராகப் போட முடியவில்லை. இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் துடைத்தார். அம்சவள்ளி வந்து தூரிகையை வாங்கிக்கொண்டாள். மாவுக்கோலம் போட்டுப் பழகிய கை. மூச்சை அடக்கிக்கொண்டு, முன்கவையின் நுனியிலிருந்து ஒரே இழுப்பில் மேலே வந்தாள். மேல்குழாயில் கீறலைத் தொட்டதும் நிறுத்தினாள்.

"இதோட போதுமில்ல?" என்று கேட்டாள்.

"போதும்" என்றார் அவர்.

ஐப்பசி பிறந்தது. ராஜு கூட்டாளியிடமிருந்து கேமரா வாங்கிவந்து, வண்டியைக் கொய்யாமரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தான். முன்னால் கண்ணாடி மாதிரிப் பச்சை, மினுங்கும் மணி, தங்கக் கோடு. பின்னால் துரு, கறுத்த ரப்பர்ப் பால், கிழிந்த சீட்டு. சன்னாசி படத்தில் நிற்க மறுத்துவிட்டார். வண்டி மட்டும் போதும் என்றார். படம் கழுவி வந்ததும் அட்டை வைத்துச் சுற்றிக் காளியம்மாவிடம் கொடுத்தார்.

"இதுல என்ன எழுதணும்ணே? நாலு வரி எழுதிக் குடுங்க."

"ஒண்ணும் வேணாம். அவன் கையில குடு. பார்த்தா தெரியும்."

"ஆமா, பெரிய மகாராசா, பார்த்தே தெரிஞ்சுக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே அதைச் சேலை மடிப்புகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள் காளியம்மா.

அவளை ஏற்றிக்கொண்டு டாக்சி போன மாலை, சன்னாசி வாசலில் உட்கார்ந்திருந்தார். மனசு லேசாக இருந்தது. அம்சவள்ளி தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, வண்டியைப் பார்த்தபடி கேட்டாள்:

"சரி, அண்ணன் பாதி முடிஞ்சுது. உங்க பாதியை எப்ப செய்யப்போறீங்க?"

"எம் பாதிதானே முடிஞ்சிருக்கு. அவன் பாதி அவனுக்குக் கிடக்கு."

"என்ன பேசுறீங்க? முன்பாதி அண்ணனோடது. போற அன்னிக்கு என்ன சொன்னாரு? தீபாவளிக்குப் பின்பாதி எனக்கு, வந்து வாங்கிக்கிறேன்னாரு. அப்படின்னா போறப்ப அவருகிட்ட இருந்தது எது?"

"முன்பாதி. அதுக்கப்புறம்தான் நான் வருசா வருசம் மாத்திக்கிட்டு வர்றேனே. நீயும் பார்த்துக்கிட்டுதானே இருக்கே?"

"நீங்க மாத்துறீங்க. சரி. அது அவருக்கு எப்படித் தெரியும்?"

சன்னாசி தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"நீங்க அவரு பாதியை முதல்ல செய்யுறீங்கன்னுல்ல நான் நெனைச்சேன்?" என்றாள் அம்சவள்ளி. "அதனாலதானே கோடு போட்டுக் குடுத்தேன்."

துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு சூளையில், வழுக்கைத் தலையோடு ஒருவன் அந்தப் படத்தைக் கையில் வாங்கப்போகிறான். அவன் கணக்கில் காலம் 1969 தீபாவளியோடு நிற்கிறது. முன்பாதி தன்னுடையது என்றுதான் பார்ப்பான். தன் பாதி புத்தம்புதிதாக மின்னுவதையும், சன்னாசியின் பாதி துருவேறிக் கிடப்பதையும் பார்ப்பான். வந்து உன் பாதியைப் பார் என்று சொல்ல நினைத்த படம், உன் பாதியை இத்தனை நாள் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன், என்னுடையதைப் பற்றி நினைக்க நேரமில்லை என்று சொல்லப்போகிறது.

சன்னாசி எழுந்து சாலைப்பக்கம் பார்த்தார். டாக்சி போன புழுதிகூட அடங்கிவிட்டது.

"நிறுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"என்னன்னு சொல்வீங்க? தெரியாம உம் பாதியை நல்லா வச்சிட்டேன், மன்னிச்சுக்கன்னா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டி விஷயத்தில் லயத்துக்காரர்கள் பார்க்க அவர் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அம்சவள்ளி அவர் பக்கம் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பின்பாதியின் முன்னால் உட்கார்ந்தார். செல்லன் கணக்குப்படி இது சன்னாசியின் பாதி; கைவைக்கத் தடையில்லை. ஆனால் அடுத்த முறை மாற்றும்போது இதுதான் அவனுக்குப் போக வேண்டியது. வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பாதி. அதைத் துருவோடு எப்படி எடுத்து நீட்டுவது?

கறுத்த ரப்பரை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக உரித்தார். உரிக்க உரிக்கக் கிராணியின் பச்சை வெளியே வந்தது. அந்த இடங்களில் மட்டும் சாயம் அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். மற்ற இடங்களுக்குத் தவுக்கே மறுபடி கலக்கிக் கொடுத்த சாயம் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக விழுந்துவிட்டது. கீறலுக்கு இந்தப்பக்கம் ஒரு பச்சை, அந்தப்பக்கம் ஒரு பச்சை. கோணிய சக்கரத்துக்குக் கம்பிகள் மாற்றி, சீட்டுக்குப் புதுத்தோல் தைத்து, தீபாவளிக்கு முந்தின நாள் வேலையை முடித்தார்.

தீபாவளிக் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வண்டியை வெளியே கொண்டுவந்தார். அம்சவள்ளி குங்குமச் சிமிழோடு வந்து முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று வைத்தாள். பிறகு சிமிழைக் கீழே வைத்துவிட்டு, கேரியரின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்தாள்.

"நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?"

சன்னாசி ஹேண்டிலைத் தொட்டார். தூக்கவில்லை.

"வேணாம்" என்றார். "அவன் கணக்குலயே இருக்கட்டும். அவன் வந்து பிடிப்பான்."

அவள் கையை எடுத்தாள். பலகாரம் ஆறுகிறது என்று ராஜு உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். சன்னாசி புதுச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, செல்லன் பாதியின் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு மிதி மிதித்தார். பெரட்டுக் களத்தைத் தாண்டி, லோரி போன செம்மண் பாதையில், சாலை தெரிகிற வளைவு வரைக்கும் போனார். அங்கே கால் ஊன்றி நின்று, பின்னால் காலியாக இருந்த கேரியரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மணியை அடித்தார்.